திருக்கை முள் குத்தினால்: என் அனுபவம்

தங்கச்சிமடம் கரையில் வலையிலிருந்து மீன் பிரிக்கும்போது திருக்கை வாலைச் சுழற்றி என் கணுக்காலில் குத்திவிட்டது. வலி தொடை வரை ஏறியது. யாரோ சுண்ணாம்பு தடவ வந்தார்கள். மாமா தடுத்துவிட்டு, காயத்தைக் கழுவி நேரே ஊர் கிளினிக்குக் கூட்டிப் போனார்.

அங்கே நர்ஸ் அக்கா முதலில் எடுத்தது ஊசியை அல்ல, ஒரு வாளி வெந்நீரை. தன் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். அப்புறம் குத்துப்படாத காலை முதலில் வைக்கச் சொன்னார். வலிக்கிற காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, வெந்துவிடுமாம். 45 டிகிரிக்கு மேல் கூடாது. திருக்கை விஷம் புரதம், சூட்டில் சிதையும். தண்ணீர் ஆற ஆற அவர் பொறுமையாக மாற்றி ஊற்றினார், பேச்சுக் கொடுத்துக்கொண்டே. அந்த அக்கறையை நான் மறக்க மாட்டேன். கொஞ்ச நேரத்தில் வலி இறங்கியது. ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாமாம்.

டாக்டர் காயத்தைத் தைக்காமல் திறந்தே விட்டார், டிடி ஊசி போட்டார். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம் என்று எக்ஸ்ரேவுக்கும் எழுதிக் கொடுத்தார். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்கவே கூடாது, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள் என்றார்.