நீலகிரிக்கு வந்தால் எங்கே சாப்பிடலாம், எத்தனை மணிக்குச் சாப்பிடலாம்

ஊட்டியில் எந்த ஹோட்டல் நல்லா இருக்கும் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, காலை பதினோரு மணிக்கு எந்த ஊரில் இருப்பீர்கள் என்பதைத்தான். மலையில் நேரத்தைக் கோட்டை விட்டால் நல்ல கடையில்கூட நல்ல சாப்பாடு கிடைக்காது. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரைக்கு ஊட்டி நடுவில் இருக்கிற சேரிங் கிராஸ் சந்திப்பில் குடும்பத்தோடு இறங்கி, பார்க்கிங் தேடி அலைந்து, அப்புறம் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் முதுகுக்குப் பின்னால் டேபிளுக்காக நின்று, கடைசியில் ஆறிப்போன ஃப்ரைட் ரைஸைத் தின்றுவிட்டு ‘ஊட்டியில சாப்பாடே சரியில்ல’ என்று ஊருக்குப் போய்ச் சொல்கிறவர்கள் ஏராளம். அதே கடையில் பதினொன்றரைக்கு உட்கார்ந்திருந்தால் கதையே வேறு.

அதனால் சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள். விடியலில் கீழே லேசாக ஏதாவது, பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் மேலே வயிறு நிறைய (சென்னை, பெங்களூர்க்காரர்கள் ப்ரன்ச் என்பார்களே, அதேதான்), நாலு மணிக்கு டீயும் வர்க்கியும் (அடுக்கடுக்காக மொறுமொறுவென்று இருக்கிற ஊட்டி பேக்கரிப் பண்டம்), எட்டு மணிக்குள் ராத்திரிச் சாப்பாடு. இந்த ஊர்கள் சீக்கிரம் தூங்கிவிடும். சினிமா விட்டு வருகிற மாதிரி ஒன்பதரைக்குக் கிளம்பிப் போனால் பாதிக் கடையில் நாற்காலியைத் தூக்கி மேஜை மேல் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள்.

கோயம்புத்தூர் வழியாக வருகிறவர்கள் இட்லியை மேட்டுப்பாளையத்திலேயே முடித்துவிடுங்கள். மேலே இட்லி கிடைக்காது என்றில்லை, எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆனால் டிசம்பர், ஜனவரிக் குளிரில் மாவு லேசில் புளிக்காது, புளிக்காத மாவில் இட்லி எப்படி வரும் என்று வீட்டில் ஆட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கரில் வைக்காத சாதமும் பருப்பும் வேக நேரமெடுக்கும், கூட்ட நேரத்தில் அவசரமாக வடித்த சாதம் பல்லில் நறுக்கென்று படும். மலையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவை தோசைக்கல்லிலும் எண்ணெயிலும் வருபவைதான்: நெய் ரோஸ்ட், பூரி கிழங்கு, பரோட்டா, கண்ணெதிரே போடுகிற மிளகாய் பஜ்ஜி. பூரிக்கு வரும் கிழங்கு பெரும்பாலும் பக்கத்துப் பள்ளத்தாக்கில் விளைந்ததாகத்தான் இருக்கும், அந்த ருசி தனி.

மலை ரயிலில் வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் வண்டி குன்னூர் வர பத்தரை ஆகிவிடும், ஊட்டிக்குக் கிட்டத்தட்ட மதியம். நடுவில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது இறங்கி டீ குடிக்கலாம், கையில் வடையை வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றால் அந்த வடை குரங்குக்கு. என்னைக் கேட்டால் குன்னூரிலேயே இறங்கி, சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் பஸ்ஸில் ஊட்டி போகலாம். நீராவி இன்ஜினும் பல்சக்கரப் பாதையும் குன்னூரோடு முடிந்துவிடுகின்றன, அதற்கு மேல் டீசல்தான். (குன்னூருக்கு மேலே வருகிற கேத்தியும் லவ்டேலும் அழகில்லையா என்று சண்டைக்கு வராதீர்கள், பசி என்று ஒன்று இருக்கிறது.)

காலையும் மதியமும் சேர்ந்த அந்தப் பெரிய சாப்பாட்டுக்கு ஊட்டியைவிடக் குன்னூர்தான் தோது. பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் இருக்கிற கீழ்க் குன்னூரில் சாதாரண சைவ ஹோட்டல்கள், பிரியாணிக் கடைகள். டிபன் வேண்டுமென்றால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பேசிச் சாப்பிட வேண்டுமென்றால் பெட்ஃபோர்டு, சிம்ஸ் பூங்காப் பக்கம் மேலே ஏறுங்கள். கஃபே டியெம் அந்தப் பக்கம்தான், முழுக்கச் சைவம், பாஸ்தா, சாலட் வகையறா. இடம் சின்னது, சனி ஞாயிறென்றால் போன் செய்துவிட்டுப் போவது நல்லது. பன்னும் கேக்கும் போதும் என்கிறவர்களுக்கு 1880-லிருந்து இருக்கிற கிரவுன் பேக்கரி.

குன்னூரில் டீ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். டீக்கடையில் பாலோடு கிடைப்பது சி.டி.சி. தூள் (இலையை மெஷினில் நசுக்கிக் குருணையாக்கினது), அது குளிருக்கு நல்லதுதான், நானும் தினம் அதைத்தான் குடிக்கிறேன். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு இலையை நசுக்காமல் சுருட்டிச் செய்கிற ஆர்தடாக்ஸ் டீயைப் பால் சர்க்கரை இல்லாமல் ஒரு கப்பாவது குடிக்காமல் போகாதீர்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி விழுகிற நாட்களில் பறித்த இலை என்றால் இன்னும் விசேஷம், ஃப்ராஸ்ட் டீ என்று சொல்லிக் கேளுங்கள்.

ஊட்டிக்குள் நுழைந்துவிட்டால் என் விதி ஒன்றுதான்: படகு இல்ல வாசலிலும் தொட்டபெட்டா உச்சியிலும் முழுச் சாப்பாடு வேண்டாம். அங்கெல்லாம் சுட்ட சோளம், மிளகாய்ப் பொடி தூவின மாங்காய், வேகவைத்த கடலை, இலையோடு கட்டி விற்கிற கேரட் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு ஊருக்குள் வாருங்கள். 1954-லிருந்து நடக்கும் ஷின்கோஸ் சீன உணவகம் இன்னும் பழைய ஆட்கள் தேடிப்போகிற இடம். தேன், சிறுதானியம் என்று கொஞ்சம் வித்தியாசமாக வேண்டுமென்றால் ப்ளேஸ் டு பீ. கமர்ஷியல் ரோட்டில் பிரியாணிக்குப் பஞ்சமில்லை, அதில் நான் சிபாரிசு செய்ய ஒன்றுமில்லை, கோவையிலேயே அதைவிட நல்லதாகக் கிடைக்கும்.

நாலு மணி வர்க்கிக்கு வருவோம். மைதாவைத் தேய்த்து, மடித்து, மறுபடி தேய்த்து, ஈஸ்டுக்குப் பதில் ‘மாவா’ என்கிற புளிப்பு சேர்த்து, விறகு அடுப்பில் சுடுவதுதான் அசல் ஊட்டி வர்க்கி. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கோணல்மாணலாக, மேலே அங்கங்கே கருகின மாதிரி இருந்தால்தான் சரியான வர்க்கி, ஒரே அச்சில் வார்த்த மாதிரி பளபளவென்று இருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள், உள்ளே காகிதம் காகிதமாக அடுக்கு தெரியும், பொடி மடியெல்லாம் கொட்டும். சூடான டீயில் பாதி முக்கி மூன்று எண்ணுவதற்குள் வாயில் போட்டுவிட வேண்டும், தாமதித்தால் டம்ளருக்கு அடியில் கூழாகக் கிடக்கும். சுற்றுலாக் கூட்டம் மொய்க்கிற சாக்லேட் கடைகளில் பாக்கெட்டில் தொங்குவதை வாங்காமல், உள்ளூர்க்காரர்கள் ரொட்டி வாங்குகிற பேக்கரியில் ‘இன்னிக்குச் சுட்டதாண்ணா?’ என்று கேட்டு வாங்குங்கள்.

நீலகிரியின் உள்ளூர்ச் சமூகமான படுகர்களின் சாப்பாடு கிடைக்குமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். ஹோட்டல் போர்டில் பார்ப்பது அபூர்வம், அது வீட்டுச் சாப்பாடு. கோத்தகிரிப் பக்கம் படுகர் குடும்பங்கள் நடத்துகிற ஹோம்ஸ்டேயில் தங்கினால், முந்தின நாளே சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். அவரை உதக்கா கேளுங்கள்: அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்டு, கொட்டை முழுசாக நிற்கக் குழம்பு மட்டும் கெட்டியாகத் திரண்டிருக்கும். சோற்றுக்கும் நன்றாக இருக்கும், ராகிக் களிக்கு அதைவிட. போன உடனே வேண்டும் என்று நிற்காதீர்கள், கொட்டை ஊற வேண்டாமா?

கூடலூர் வழியாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது கேரளத்தை ஒட்டின ஊர், புட்டு கடலைக்கறியும் பொரோட்டாவும் அங்கே ஊட்டியைவிட மேல். ஊட்டிக்கு ஏறுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

சில்லறை விஷயங்கள். 2024 மே 7-லிருந்து வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், ஆன்லைனில் எடுத்துவிட்டுத்தான் கிளம்புங்கள், 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பே வைத்தார்கள். செக்போஸ்டில் நின்றுவிட்டால் பதினோரு மணிச் சாப்பாடு போச்சு. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்துக்குள் கூடாது, எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள், வழியில் தண்ணீர் ஏ.டி.எம். இருக்கிறது, ஹோட்டலில் கேட்டால் சுடுதண்ணீரே ஊற்றித் தருவார்கள்.

இறங்கும் நாளன்று மட்டும் வயிற்றைப் பாதி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். மசினகுடிக்குக் கல்லட்டி வழியில் 36 கொண்டை ஊசி வளைவு, குன்னூர் – மேட்டுப்பாளையம் வழியில் 14, பின் சீட்டில் குழந்தைகள் இருந்தால் பூரி வேண்டாம், ரெண்டு வர்க்கி போதும். ஜூன், ஜூலையில் போகிறீர்கள் என்றால் மேட்டுப்பாளையம் வழியில் வருகிற பர்லியாறில் ஓரமாக நிறுத்தி மங்குஸ்தான் வாங்குங்கள். தோல் கல்லாக இறுகிப் போனதை விட்டுவிட்டு, அழுத்தினால் லேசாக அமுங்குவதாகப் பார்த்து எடுங்கள், வெள்ளைச் சட்டையில் அந்தத் தோலின் சாறு பட்டால் போகவே போகாது.