பழைய டர்ட் பைக்கை மீட்டெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொட்டகை மூலையில் இருபது வருஷம் கிடந்த டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஒன்று கைக்கு வந்ததும், யாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி ஒரு உதை உதைத்துப் பார்க்கலாமே. நானும் அப்படிச் செய்திருக்கிறேன். செய்யவே கூடாத காரியம் அது. சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் பூச்சு எப்போதோ காய்ந்திருக்கும். ரிங்குகள் துருவோடு ஒட்டியிருக்கலாம். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் தொட்டாலே மாவாக உதிரும். இன்ஜின் முதல் மூச்சு இழுக்கும்போதே அந்த மாவு மொத்தமும் உள்ளே போய்விடும்.

உதைப்பதற்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு மேக்னெட்டோவின் (கிராங்க் தண்டின் ஒரு முனையில் சுழன்று மின்பொறிக்கான மின்சாரம் தரும் பாகம்) நட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது பிடித்தால் வம்பு பண்ணாதீர்கள். சிலிண்டரைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி.

பழைய டர்ட் பைக்குகளை இத்தனை வருஷம் நோண்டியதில் எனக்குப் புரிந்தது இதுதான்: பெயின்ட், குரோமியம், புது ஸ்டிக்கர் என்று கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் காசும் நேரமும் போய்விடுகிறது, சீல், பேரிங், புஷ் எல்லாம் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நின்றுவிடுகிறது. பெரும்பாலான வண்டிகள் அங்கேதான் வீணாகின்றன, சில சமயம் ஓட்டுபவரையும் கீழே தள்ளிவிட்டு.

முதல் நாளே நடக்கும் சின்னத் தவறு

ஜப்பான் வண்டிகளின் இன்ஜின் கவரில் இருக்கும் கூட்டல் குறி ஸ்க்ரூக்கள் வழக்கமான ஃபிலிப்ஸ் இல்லை. பார்க்க அப்படியே இருக்கும். ஆனால் அவை ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. பல ஸ்க்ரூக்களின் தலையில் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி குழிந்திருக்கும், அதுதான் அடையாளம். சாதாரண ஃபிலிப்ஸ் டிரைவரை வைத்துத் திருகினால் முனை அடிவரை உட்காராது. ஏறி வழுக்கும், ஒரே திருகில் தலை மழுங்கிவிடும். அப்புறம் டிரில் போட்டு எடுக்க வேண்டியதுதான். ஜேஐஎஸ் முனையும் சுத்தியால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரும் வாங்கி வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும்.

கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். ஒயர் போகும் வழி, கேபிள் எந்தப் பக்கம் வளைகிறது, வாஷர் எத்தனை என்பதெல்லாம் ஆறு மாதம் கழித்து நினைவில் இருக்காது. இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

காற்று எங்கே கசிகிறது?

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில், பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க் கேஸும் ஒரு பம்ப்தான். பெட்ரோலும் காற்றும் எண்ணெயும் கலந்த கலவை முதலில் அங்கே வந்து, பிறகுதான் மேலே ஏறுகிறது. அதனால் கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் ஆயில் சீல்கள் வெறும் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் மட்டும் இல்லை, காற்றையும் அவைதான் அடைத்து நிற்கின்றன. கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக் குடிக்கும். சைலென்சரில் வெள்ளைப் புகை வரும், உங்களுக்கே தெரிந்துவிடும். மேக்னெட்டோ பக்கத்து சீல் போனால் வெளியே ஒன்றும் தெரியாது. கூடுதல் காற்று உள்ளே வரும், கலவையில் பெட்ரோல் குறையும், பிஸ்டன் சூடேறும், இன்ஜின் சீஸ் ஆகும், அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

நான் தனியாகக் கட்டிய முதல் இன்ஜினில் புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டேன். மேக்னெட்டோ பக்கத்து சீல் பார்க்க நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். மூன்றாவது ஓட்டத்தில், மேட்டில் முழு திராட்டிலில் ஏறும்போது பின்சக்கரம் கிறீச்சென்று பூட்டிக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் மேலிருந்து கீழ்வரை உரிந்திருந்தது. கார்புரேட்டரில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அடுத்த பிஸ்டனைப் போடப் போனேன்.

அப்போது ஒரு மூத்த மெக்கானிக் சொல்லிக் கொடுத்த சோதனையை அதற்குப் பிறகு ஒரு இன்ஜினுக்கும் விட்டதில்லை. எக்ஸாஸ்ட் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் கட்டை வைத்து அடைத்துவிட்டு, கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை காற்று ஏற்ற வேண்டும். அதற்கு மேல் வேண்டாம், நல்ல சீலே பிதுங்கி வந்துவிடலாம். நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். பிறகு சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு சிலிண்டர் அடி, ஹெட், கார்புரேட்டர் ரப்பர், சீல் என்று வரிசையாகத் தடவிப் பார்க்க வேண்டும். என் இன்ஜினில் மேக்னெட்டோ தட்டைக் கழற்றித் தடவியதும், கிராங்க் தண்டைச் சுற்றி கடுகு கடுகாய்க் குமிழிகள் எழும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்தன. பார்க்க நன்றாக இருந்த அந்த சீலின் உதடு பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப்போயிருந்தது.

இப்படிக் காற்று கசியும் இன்ஜின் சில சமயம் திராட்டிலை விட்ட பிறகும் தானாகவே வேகமெடுக்கும். ஸ்விட்சை அணைத்தாலும் நிற்காமல் போகலாம். உடனே சோக்கை முழுக்க இழுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மேல் கியரில் போட்டு, பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கிளட்சை விட்டு இன்ஜினைத் திணறடியுங்கள். இதை ஓட்டத் தொடங்கும் முன்பே மனதில் பதிய வைத்துக்கொள்வது நல்லது.

போர், பிஸ்டன், ஆயில் கலவை

சிலிண்டரை லேத்துக்குக் கொடுத்து போர் செய்துவிட்டு, அதாவது உள்சுவரைக் கடைந்து அகலமாக்கிவிட்டு, அப்புறம் பிஸ்டன் தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வரிசை தலைகீழ். பழைய மாடல்களுக்கு எல்லா ஓவர்சைஸும் (ஒரிஜினலைவிடச் சற்றுப் பெரிய பிஸ்டன் அளவுகள்) கிடைக்காது. முதலில் பிஸ்டன் கைக்கு வரட்டும். அதை மைக்ரோமீட்டரில் அளந்து, மேனுவல் சொல்லும் இடைவெளியைக் கூட்டி, அந்த அளவுக்கு போர் செய்யச் சொல்லுங்கள். சிலிண்டர் திரும்பி வந்ததும் போர்ட்டுகளின், அதாவது அதன் சுவரில் கலவையும் புகையும் போகும் திறப்புகளின், விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிளேடு மாதிரி இருந்தால் சரிவாக ராவியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரிங் அதில் சிக்கி உடையும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்ளிப்பைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள். புதுசின் விலை ஒன்றுமே இல்லை. பழையது தெறித்தால் சிலிண்டரே போகும்.

ஆயில் கலவையில் ஒரு தப்பான நம்பிக்கை உண்டு: ஆயில் கொஞ்சம் கூடினால் இன்ஜினுக்கு நல்லதுதானே என்று. அந்தக் கால மேனுவல்கள் பல 20-க்கு 1 என்று சொல்லும், அதாவது லிட்டருக்கு 50 மில்லி. 32-க்கு 1 என்றால் சுமார் 31 மில்லி. ஆயிலைக் கூட்டினால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளையான அதே ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறைகிறது. அதாவது ஆயில் கூடினாலும் கலவை என்னவோ மெலிகிறது! ஒரு விகிதத்தை முடிவு செய்து, அதற்கேற்ப ஜெட்டைச் சரிபார்த்து, பிறகு மாற்றாமல் இருப்பதே உத்தமம்.

டேங்கும் பழைய ஸ்டாக்கும்

டேங்க் துருவைச் சுத்தம் செய்யாமல் மேலேயே லைனர் (உட்புறப் பூச்சு) பூசுவது பரவலாக நடக்கிறது. சில மாதத்தில் அது தோல் தோலாக உரிந்து ஜெட்டை அடைக்கும். சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் துருவை எடுத்து, சோடா உப்புத் தண்ணீரால் அலசி, உடனே நன்றாகக் காயவையுங்கள். பல டேங்குகளுக்கு லைனரே தேவைப்படாது. புல்டாகோ போன்ற வண்டிகளில் வந்த ஃபைபர் கிளாஸ் டேங்க் வேறு கதை. எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தப் பழைய ரெசினை இளக்கிப் பசையாக்கிவிடும், அந்தப் பசை கார்புரேட்டருக்குள் இறங்கும். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்காவிட்டால், எத்தனால் தாங்கும் லைனர் பூசுவது, அல்லது அந்த டேங்கைக் காட்சிக்கு வைத்துவிட்டு ஓட்டுவதற்கு வேறு டேங்க் போடுவது என்று முடிவெடுத்தாக வேண்டும்.

'பெட்டியே பிரிக்காத பழைய ஒரிஜினல்' என்று விற்கும் பாகங்களில் உலோகம் என்றால் சந்தோஷமாக வாங்குங்கள். ரப்பர் என்றால் வேண்டாம். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிறது. நாற்பது வருஷ சீலும் டியூபும் கார்புரேட்டர் ரப்பரும் புதுசு கிடையாது. டயரும் அப்படித்தான். 2000க்குப் பிறகு வந்த டயர்களின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது போன நூற்றாண்டு டயர், பட்டன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி.

சேசிஸை மணல் அடிக்கக் கொடுக்கும் முன் சேசிஸ் எண் இருக்கும் இடத்தைத் தடித்த டேப்பால் மூடுங்கள். எண் அழிந்துபோனால் அந்த வண்டி யாருடையது என்று நிரூபிப்பதே பெரும்பாடு. இன்ஜின் கேஸின் மேல் பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றால் வீசியடித்துப் பளபளப்பாக்கினால், ஒவ்வொரு எண்ணெய் வழியையும் திருகு துளையையும் கழுவிக் கழுவி எடுக்க வேண்டும். ஒளிந்திருக்கும் நாலு மணி போதும், பேரிங்கைத் தின்றுவிடும்.

பழைய பிரேக் ஷூக்களிலும் சில கேஸ்கெட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டித் தனியாக அகற்றுங்கள்.

ஓட்டும்போது

1973இல் ஹோகன் ஆண்டர்சன் யமஹாவின் மோனோஷாக் (பின்னால் ஒற்றை ஷாக் அப்சார்பர் கொண்ட) வண்டியில் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றார். அதற்கு முந்தைய வண்டிகளின் பின் சஸ்பென்ஷன் சுமார் 100 மில்லிமீட்டர்தான் அசையும். இன்றைய மோட்டோகிராஸ் வண்டிகளில் அது சுமார் 300. இன்றைய வண்டியில் பழகிய கை, அதே மேட்டை அதே வேகத்தில் தாண்டத் துடிக்கும். கீழே இறங்கும்போது முதுகெலும்புக்கும் சேசிஸ் வெல்டிங்குக்கும்தான் அடி. பழைய வண்டியைச் சக்கரம் தரையைவிட்டு அதிகம் எழாமல், பாதையைப் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டும். அதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது, ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிஎஸ்ஏ, புல்டாகோ போன்ற ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். சாவகாசமாக ஓட்டும்போது மூளை ஒத்துழைக்கும். பதறும்போது கால் பழைய பழக்கத்துக்கே போகும். பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பீர்கள். காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி, திடீர் பிரேக்கை மட்டும் திரும்பத் திரும்பப் பழகாமல் காட்டுப் பாதைக்குப் போகவே கூடாது. டிரம் பிரேக் வேறு, ஓடைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் சிறிது தூரத்துக்குப் பிடிக்கவே பிடிக்காது. கரையேறியதும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி ஓட்டி உலர்த்துங்கள்.

திராட்டிலை ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். ஹேண்டில்பாரை இடது கோடி வரை திருப்பி, முறுக்கி விடுங்கள். 'டக்'கென்று திரும்பி வர வேண்டும். வலது கோடியிலும் அப்படியே. சோம்பலாக வந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது.

பாதுகாப்பு உடையில் நான் காணும் பெரிய தவறு, வண்டியின் காலத்துக்குப் பொருத்தமாக உடுத்துவது. முகம் திறந்த பழைய ஹெல்மெட்டும் மெல்லிய தோல் பூட்ஸும் படத்துக்கு அழகு, ஒத்துக்கொள்கிறேன். வண்டி பழசாக இருக்கலாம், உங்கள் தலை என்றைக்கும் ஒன்றுதான். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்குதான் அடியை வாங்குகிறது. வியர்வை, வெயில், பெட்ரோல் ஆவி எல்லாம் அதையும் பசையையும் கெடுக்கின்றன. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பு. தாடை மூடிய, ஈசிஇ 22.06 (ஹெல்மெட் பாதுகாப்புத் தரம்) அல்லது ஸ்னெல் முத்திரையுள்ள ஆஃப்ரோடு ஹெல்மெட், கண்ணுக்கு காகிள்ஸ், முழங்கால் காப்பு, நெஞ்சுக் கவசம், கையுறை: இவை இல்லாமல் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பூட்ஸுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய ஒற்றை சிலிண்டர் வண்டிகளின் கிக்கர் திருப்பி அடிக்கும். யமஹா எக்ஸ்டி500இல் இதற்காகவே அமுக்கத்தைக் குறைக்கும் லிவரும், பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஹெட்டில் ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்தார்கள். செருப்புக் காலோடு, அரை உதையாக உதைத்தால் கணுக்கால் போய்விடும். தடித்த அடியுள்ள மோட்டோகிராஸ் பூட்ஸ் மாட்டி, அடிவரை தயங்காமல் ஒரே உதையாக உதைக்க வேண்டும்.

முதல் ஓட்டம் பத்து நிமிடம் போதும். திரும்பி வந்ததும் வண்டியைக் கழுவாதீர்கள், மூடிவைக்கவும் செய்யாதீர்கள். ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். நல்லது 'டிங்' என்னும், தளர்ந்தது 'டொக்' என்னும். செயின் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கிறதா, ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு ஹப்பிலும் உள்ளங்கையைக் கிட்டே கொண்டுபோங்கள். அவ்வளவாக பிரேக் பிடிக்காமலே ஓட்டியும் ஒன்று மட்டும் அனலாக இருந்தால், அந்த ஷூ உள்ளே உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த ஓட்டம்.