அப்கிரேட் பண்ணியதும் லப்டொப் லோகோவிலேயே நிற்கிறதா? கடைக்குக் கொண்டுபோக முதல் இதைப் பாருங்கள்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, அதனால் நம்ம பக்கமும் பலர் 11க்கு மாறுகிறார்கள். மாறியபின் லோகோவில் இறுகி நிற்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சி ரவுன் வரை போனால், அனேகமாகக் கிடைக்கும் பதில் "ஃபோர்மட் அடிக்கவேணும்" என்பதுதான். பிள்ளையின் ஏ.எல் நோட்ஸும் கலியாணப் படங்களும் உள்ளே கிடக்கும்போது அது கடைசி வேலையாக இருக்கட்டும்.

முதலில் பொறுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், டிஸ்க் லைட் மினுங்கிக்கொண்டிருந்தால் ஒரு மணித்தியாலமாவது விடலாம்; சதவீதம் ஏறிக்கொண்டிருக்கும்போது ஓஃப் பண்ணவே வேண்டாம். (மாரியில், கரண்ட் போய்ப் போய் வரும் நாளில், பற்றரி செத்த லப்டொப்பில் அப்கிரேட் தொடங்குகிறவர்களை என்ன சொல்ல?)

அப்புறம் பென்டிரைவ், பிரிண்டர், டொங்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு லப்டொப்பை ஓன் பண்ணுங்கள். திரை கறுப்பாக, மவுஸ் அம்பு மட்டும் தெரிந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமத்துங்கள், கிராஃபிக்ஸ் டிரைவர் (திரையை இயக்கும் மென்பொருள்) மறுபடி தொடங்கும்.

அதற்கும் அசையவில்லையா? லோகோ வந்ததும் பவர் பட்டனைப் பத்து செக்கன் அமத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தரம் செய்தால் ரிக்கவரித் திரை தானாக வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து 4ஐ அமத்தினால் சேஃப் மோட், அதாவது அவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும். இடையில் பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்கச் சாவி கேட்டால் பதறவேண்டாம், போனில் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கைத் திறந்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

சேஃப் மோடில் ஒழுங்காகத் திறக்கிறதென்றால் டிரைவரில்தான் சந்தேகம், அதிலும் முதல் சந்தேகம் கிராஃபிக்ஸ். டிவைஸ் மனேஜரில் டிஸ்பிளே அடாப்டரைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள், அது மங்கலாக இருந்தால் அன்இன்ஸ்டோல் பண்ணிவிட்டு, லப்டொப் கம்பனியின் தளத்திலிருந்து அந்த மொடலுக்குரியதையே இறக்கிப் போடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஐயும் நிறுத்திவிடுங்கள்.

சேஃப் மோடும் சரிவரவில்லை என்றால் அதே அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸில் 'அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்' போய், கடைசி ஃபீச்சர் அப்டேட்டை (நீங்கள் செய்த அப்கிரேட்டை) நீக்குங்கள், ஃபைல்களோடு பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். ஆனால் பொதுவாகப் பத்து நாட்களுக்குள்தான் இது முடியும், அதனால் "பிறகு பார்ப்பம்" என்று மூடி வைக்காதீர்கள்.

ஒரு விசயம்: விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, ப்ரொசெசர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அளவு. அதற்கு முந்திய செகண்ட்ஹேண்ட் மெஷினில் யாரோ குறுக்கு வழியில் ஏற்றித் தந்திருந்தால் மேலே சொன்னதெல்லாம் வீண் மினக்கேடாகப் போகலாம். கோர் 2 டுவோ என்ற பழைய இன்டெல் ப்ரொசெசரில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு தொடங்கவே தொடங்காது.

எதுவும் சரிவராவிட்டால் ஃபைல்களையாவது எடுங்கள். ரிக்கவரியில் கொமாண்ட் ப்ரொம்ப்ட் திறந்து notepad என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து என்டர் கொடுங்கள், ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து, 'ஓல் ஃபைல்ஸ்' என்பதைத் தெரிவுசெய்து, உங்கள் ஃபோல்டரை ரைட் கிளிக்கில் கொப்பி பண்ணிப் பென்டிரைவில் பேஸ்ட் பண்ணலாம். டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம், சீயில் இல்லையென்றால் டீயிலும் ஈயிலும் தேடுங்கள். கொப்பி ஓடும்போது திரையில் ஒன்றும் காட்டாது, முடியும்வரை கை வைக்கவேண்டாம்.