முன்வாசல் காய்கறித் தோட்டம்: விதை போடும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

வீட்டுக்கும் தெருக் கேட்டுக்கும் நடுவே கிடக்கும் பத்துக்குப் பதினைந்தடி நிலத்தைப் பார்த்தால் பலருக்கும் ஒரே எண்ணம்தான் வரும்: சும்மாதானே கிடக்கிறது, நாலு தக்காளி, நாலு கத்தரி, ஓரத்தில் ஒரு பழமரம் வைத்தால் என்ன? அந்தச் "சும்மாதானே"வில்தான் முதல் தவறு ஒளிந்திருக்கிறது. வீடு கட்டும்போது கலவை குழைத்ததும் ஜல்லி கொட்டியதும் பெரும்பாலும் அங்கேதான். தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அதற்கு அடியில்தான் போகின்றன. பாதிப் பகல் வீட்டின் நிழல், மீதிப் பகல் தெருப் புழுதி. கொல்லையில் இவ்வளவு தொல்லை இல்லை. முன்வாசலில் செடி சரியாக வராதபோது நாம் விதையைத் திட்டுகிறோம், உரத்தை மாற்றுகிறோம். பத்தில் ஏழு முறையாவது குற்றம் இடத்தின் மேல்தான் இருக்கும் என்பது என் கணக்கு.

வெயிலிலிருந்து தொடங்குவோம். "எங்க வாசல்ல நல்ல வெயில்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் விடுமுறை நாளில் காலை பத்து மணிக்கு வெளியே வந்து பார்த்தவர்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை என்று காய்க்கிற எதற்கும் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். கீரைக்கும் புதினாவுக்கும் 3, 4 மணி நேரம் போதும். ஒரு நாள் ஒதுக்கி, காலை எட்டு மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து, நிழல் முடியும் இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். சாயங்காலம் அந்தக் கற்களைப் பார்த்தாலே எங்கே என்ன வைக்கலாம் என்பது தெரிந்துவிடும். ஆறு மாதம் கழித்து இதையே திரும்பச் செய்தால் கற்கள் வேறு இடத்தில் இருக்கும். சூரியன் போகும் பாதை மாறுகிறது, சுவர் நிழலும் கூடவே நகர்கிறது.

நிழலில் வைத்த தக்காளி சாகாது. அதுதான் சிக்கல். செத்தால் விட்டுவிடுவோம். அது பச்சைப்பசேலென்று நெடுநெடுவென வளர்ந்து, பூத்து, பூவையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும். உடனே சத்து போதவில்லை என்று நினைத்து யூரியாவை ஒரு கை போடுவோம். தழைச்சத்து கூடினால் இலைதான் கூடும். செடி இன்னும் உயரமாகும், காய் மட்டும் வராது.

இன்னொன்று, கூரைச் சாய்ப்புக்கும் சன்ஷேடுக்கும் அடியில் இரண்டடி அகலத்துக்கு மழையே விழாது. ஊரே நனைந்து கிடக்கும்போது அங்கே மட்டும் மண் தூளாக இருக்கும். சுவரை ஒட்டி அழகாக ஒரு வரிசை வைப்பவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

சரி, மண்ணுக்கு வருவோம். நான் முதல் பாத்தி போட்டபோது மேலே ஒரு சாண் ஆழம் வரை மண் நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே மண்வெட்டி டணாரென்று நின்றது. சுற்றித் தோண்டி எடுத்தால், அது கெட்டிப்பட்டுப்போன ஒரு சிமெண்ட் மூட்டை. சாக்கு மக்கிப் போயிருந்தது, சாக்கின் நெசவு மட்டும் கல்லில் அச்சாகப் பதிந்திருந்தது. அதைச் சுற்றி உடைந்த டைல்ஸ், வயர் துண்டு, காரைக் கட்டி. கட்டட வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் சமன்படுத்தி மேலே நல்ல மண்ணைத் தூவிவிட்டுப் போயிருக்கிறார்கள். வீடு கைமாறும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். காய்ந்த மண் ஒரு பிடி எடுத்து மேலே கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். புசுபுசுவென்று நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. நுரை இல்லை என்பதாலேயே மண் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் நுரைத்தால் சந்தேகமே வேண்டாம்.

தண்ணீர் வடிகிறதா என்பதை ஒரு குழி சொல்லிவிடும். ஓரடி ஆழம், ஓரடி அகலம் தோண்டி, தண்ணீர் நிரப்பி, வடிந்த பிறகு மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 2.5 செ.மீ. முதல் 5 செ.மீ. வரை இறங்கினால் நல்லது. அதற்கும் குறைவென்றால் லாரியும் ஜல்லியும் ஏறி மிதித்த மண் அது. அங்கே எதை வைத்தாலும் வேர் அழுகும். அப்படியானால் ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, நல்ல மண்ணும் மட்கிய எருவும் கலந்து நிரப்புவதே வழி. நிரப்பும் முன் அடிமண்ணைக் கடப்பாரையால் குத்தி இளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அது ஒரு பெரிய தொட்டியாகத்தான் இருக்கும்.

தெருவை ஒட்டிய மண்ணில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது. 1920களில் பெட்ரோலில் ஈயம் கலக்கத் தொடங்கினார்கள். உலகம் முழுக்கக் கார்களுக்கு அந்தப் பெட்ரோல் விற்பது நின்றது 2021இல்தான், கடைசியாக நிறுத்தியது அல்ஜீரியா. அத்தனை வருடப் புகையில் வந்த ஈயம் மக்கி மறைகிற பொருள் இல்லை. பரபரப்பான பழைய சாலைகளை ஒட்டிய மேல்மண்ணில் அது இன்னும் இருக்கிறது. பழைய வீட்டுச் சுவரிலிருந்தும் சன்னலிலிருந்தும் உதிர்ந்த பெயிண்டிலும் ஈயம் உண்டு, அது சுவரோரத்திலேயே சேர்ந்து கிடக்கும். பழைய வீடோ பழைய சாலையோ என்றால் மண்ணை ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்பிவிடுவது நல்லது. தக்காளி, வெண்டை மாதிரி காய்களுக்குள் ஈயம் அதிகம் ஏறுவதில்லை. கீரை, முள்ளங்கி, கேரட்தான் கவலை, அதிலும் ஒட்டியிருக்கும் மண்தான் ஈயம் நம் வாய்க்குள் போகும் பெரிய வழி. தெருவோரத்தில் காய்ச்செடி, வீட்டுப்பக்கம் மேட்டுப்பாத்தியில் கீரை என்று வைத்தால் பாதிக் கவலை போய்விடும். வெறும் மண் தெரியாதபடி காய்ந்த இலை, வைக்கோல் என்று மூடாக்குப் போட்டால் புழுதியும் அடங்கும்.

உரத்தைப் பொறுத்தவரை பசுமையான சாணமே நல்லது என்று நினைத்து அப்படியே வேரில் கொட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வேரைச் சுடும், கிருமியும் இருக்கும். அமெரிக்க இயற்கை விவசாய விதிப்படி, மட்காத எருவைப் போட்டால், மண்ணைத் தொடும் விளைச்சலை 120 நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும், மற்றவற்றை 90 நாள் கழித்து. வீட்டுத் தோட்டத்துக்கும் இதே கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

இதைவிட நயவஞ்சகமானது களைக்கொல்லி. புல்தரையில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அடிக்கும் சில மருந்துகள், குறிப்பாக குளோபிராலிட், அமினோபிராலிட் போன்றவை, புல்லை ஒன்றும் செய்யாது. அந்தப் புல்லை வெட்டி மூடாக்காகப் போட்டாலும், மட்க வைத்தாலும், மாடு தின்று சாணமாக வந்தாலும் மருந்தின் வீரியம் அதிலேயே இருக்கும். தக்காளிக் குருத்து சுருண்டு முறுக்கிக்கொள்ளும், நாம் வைரஸ் என்று நினைத்து வேறு மருந்து அடிப்போம். எங்கிருந்தோ வந்த எருவை நம்பவில்லையென்றால் அதில் கொஞ்சம் மண் கலந்து ஒரு தொட்டியில் பீன்ஸ் விதை நாலு போடுங்கள். இன்னொரு தொட்டியில் எரு கலக்காமல் நாலு. மூன்று வாரத்தில் முதல் தொட்டி இலைகள் மட்டும் கிண்ணம் போல் குவிந்தால் அந்த எரு பாத்திக்குள் போகக் கூடாது.

நெருக்கி நடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாற்று சின்னதாக இருக்கும்போது இடம் வீணாவது போலத்தான் தெரியும். தக்காளிக்கு இரண்டடி, வெண்டைக்கு ஓரடி விட்டே தீர வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நாலும் ஒரே குடும்பம், வாடல் நோயும் நாலுக்கும் பொது. அதனால் ஒரே பாத்தியில் வருடா வருடம் இவற்றையே மாற்றி மாற்றி வைப்பது பயிர்ச் சுழற்சி ஆகாது, வேறு குடும்பத்துச் செடிக்கு மாற வேண்டும்.

தண்ணீரில் நம் தவறு கருமித்தனம் இல்லை, பாசம். தினமும் பூவாளியால் ஒரு தெளி தெளித்து, மேல்மண் கறுத்ததும் மனசு நிறைந்து உள்ளே போகிறோம். விரலை விட்டுப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்குக் கீழே காய்ந்து கிடக்கும். வேரும் அந்த ஓர் அங்குலத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் செடி தலை தொங்கிவிடும். வளர்ந்த செடிக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரையடி ஆழம் நனையும்படி விடுவதே மேல். ஒரு நாள் வெள்ளம், ஒரு வாரம் வறட்சி என்றால் தக்காளியின் அடிமுனை கறுத்து அழுகும். இதற்கு முட்டை ஓட்டைப் போடச் சொல்வார்கள். காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததுதான் காரணம் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலும் அது மண்ணில் இருக்கிறது, ஏற்றிக்கொண்டு போகத் தண்ணீர்தான் சீராக இல்லை. முட்டை ஓடு மக்க வருடங்கள் ஆகும். எப்சம் உப்போ இன்னும் மோசம், அதிலுள்ள மக்னீசியம் சுண்ணாம்புச்சத்தோடு போட்டிக்கு நிற்கும்.

பூசணி, சுரை வைத்தவர்கள் "பூவெல்லாம் கொட்டுது, மருந்து என்ன அடிக்கலாம்?" என்று கேட்பார்கள். மருந்து அடித்தால் வருகிற ஒன்றிரண்டு தேனீயும் வராது. பூவின் அடியைப் பாருங்கள். நீளக் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ, குட்டிப் பிஞ்சு ஒட்டியிருந்தால் பெண் பூ. முதலில் வருவதெல்லாம் ஆண் பூக்கள்தான், அவை உதிரத்தான் செய்யும். பெண் பூ வந்த பிறகும் பிஞ்சு மஞ்சளித்து விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. பூசணி என்றால் காலையிலேயே ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் பூ மூடத் தொடங்கிவிடும்.

இப்போது பழமரம். இதில் நான் நன்றாக ஏமாந்திருக்கிறேன். ஒட்டு ஆரஞ்சுக் கன்று ஒன்று வாங்கி வைத்தேன். ஒரு வருடத்தில் அடியிலிருந்து ஒரு கிளை கிளம்பி, மற்ற எல்லாவற்றையும் தாண்டி நேராக மேலே போனது. என்ன வளர்ச்சி என்று அதற்குக் குச்சி கட்டி, உரம் வைத்து வளர்த்தேன். இரண்டு வருடம் கழித்து வந்த நண்பர், "இதுல ரெண்டு மரம் இருக்கே" என்றார். அப்போதுதான் பார்த்தேன்: அந்தக் கிளையில் விரல் நீள முள், இலையும் மூன்று மூன்றாகப் பிரிந்திருந்தது. ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே, ஆரஞ்சைத் தாங்கி நிற்கும் வேறு வகை அடிச்செடியிலிருந்து வந்த கிளை அது. நான் வாங்கிய ஆரஞ்சு அதன் நிழலில் சோர்ந்து நின்றது. ஒட்டு முடிச்சுக்குக் கீழே எது துளிர்த்தாலும் அன்றே கிள்ளிவிட வேண்டும். நடும்போதும் அந்த முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மூடாக்கைத் தண்டோடு சேர்த்து மலை போல் குவிப்பதும் கூடாது, பட்டை அழுகிவிடும்.

பப்பாளிக்கு ஒட்டுத் தொல்லை இல்லை, வேறு தொல்லை. ஒரே ஒரு கன்று வைத்தால் அது ஆண் மரமாகிவிடலாம். ஒரு குழியில் மூன்று கன்று வைத்து, பூ வந்ததும் பாருங்கள். நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பூ என்றால் ஆண். தண்டை ஒட்டித் தடித்த பூ என்றால் காய்க்கும். காய்க்கும் ஒன்றை விட்டு மற்றதை வெட்டிவிடலாம்.

எந்த மரமானாலும், குழி எடுக்கும் முன் குழாய், கேபிள், கேஸ் லைன் எங்கே போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அத்தி போன்ற மரங்களின் வேர் கசியும் கழிவுநீர்க் குழாயைத் தேடிப் போய் உள்ளே நுழையும். கார் வெளியே வரும் வழிக்குப் பக்கத்தில் உயரமாக எதையும் வைக்காதீர்கள், ஓட்டுபவருக்கு நடைபாதை தெரிய வேண்டும்.

அனுமதி கேட்காமல் தொடங்குவதும் சில இடங்களில் வினையாகும். குடியிருப்புச் சங்கமோ உள்ளாட்சியோ முன்வாசலுக்குத் தனி விதி வைத்திருக்கலாம். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ஒரு தம்பதி 17 வருடமாக வைத்திருந்த காய்கறித் தோட்டத்தை, 2013இல் அவர்களுடைய ஊர் நிர்வாகம் நாளுக்கு 50 டாலர் அபராதம் என்று மிரட்டி எடுக்க வைத்தது. கடைசியில் 2019இல் மாநிலமே தனிச் சட்டம் போட்டு அந்த மாதிரித் தடைகளை நீக்கியது. அவ்வளவு தூரம் போகாமல் இருக்க எளிய வழி, தெருவைப் பார்த்த ஓரத்தைச் சுத்தமாக வைப்பது. பாத்தியின் விளிம்பு நேராக, காய்ந்த கொடி தொங்காமல், முன்னால் ஒரு வரிசை பூச்செடி இருந்தால் புகார் சொல்ல வருபவர்கூட விதை கேட்டுவிட்டுத்தான் போவார்.

போகிறவர் வருகிறவர் ஒன்றிரண்டு பறிப்பார்கள்தான். அதற்காக முள்வேலி போடாதீர்கள், தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும் பழங்களை உள்பக்கம் வைத்தால் போதும். தெருவோரத்துக்கு வெண்டை நல்லது. பச்சை இலைக்குள் பச்சைக் காய், யார் கண்ணிலும் படாது. ஆனால் நம் கண்ணிலும் படாது. பூத்த ஐந்தாறு நாளில் பறிக்காவிட்டால் முற்றி நார் கட்டிவிடும், முற்றின காய் நின்றால் செடி புதிதாகப் பூப்பதையும் குறைத்துக்கொள்ளும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இலையை விலக்கிப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் தப்பிப்போன ஒன்று விரல் மொத்தத்தில் உள்ளே நிற்கும்.