‘சிறு வயதிலிருந்தே விலங்குகள் பிடிக்கும்’: சூழல் பாதுகாப்பில் வேலை தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

மார்ச் பிறந்ததும் மெயில்கள் வரத் தொடங்கிவிடும். கோடை விடுமுறைக்கு இன்டர்ன்ஷிப் கேட்டுக் கல்லூரி மாணவர்கள் எழுதுபவை. பறவைகள், நீர்நிலைகள் சார்ந்த சின்னச் சின்ன ஆய்வுத் திட்டங்களில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். அவற்றுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. வரும் பத்து மெயில்களில் ஏழெட்டு ஒரே மாதிரிதான் தொடங்கும்: ‘எனக்குச் சிறு வயதிலிருந்தே விலங்குகள் என்றால் உயிர்.’

எழுதும் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அந்த ஆசை இல்லாமல் யாரும் இந்தப் பக்கம் வரப்போவதும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, இவர் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வருவாரா, மழையில் நனைந்த நோட்டைக் காயவைத்து அன்றைக்கே எண்களைக் கணினியில் ஏற்றுவாரா என்று என்னால் முடிவு செய்ய முடியாது. அதே மெயிலை இருபது அமைப்புகளுக்கு ஒன்றாக அனுப்பி, அத்தனை முகவரிகளும் மேலே தெரிந்தால், பதில் போடுவது யார் பொறுப்பு என்று ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்ப்போம். கடைசியில் யாருமே பதில் போடமாட்டோம்.

ஒருமுறை தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தார். படிப்பு பி.காம். மெயில் நான்கே வரி. கூடவே ஒரு கோடு போட்ட நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து இணைத்திருந்தார். தன் ஊர்க் குளத்துக் கரையில் 14 ஞாயிற்றுக்கிழமைகள், காலை 6.30 முதல் 7.30 வரை நின்று எண்ணியது. தேதி, நேரம், பறவை, எண்ணிக்கை, தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். நத்தைகுத்தி நாரை 11. நெடுங்கால் உள்ளான் 40க்கு மேல். ஓரிடத்தில், ‘பழுப்பு நிறம், சிட்டுக்குருவியைவிடப் பெரிது, வாலை ஆட்டிக்கொண்டே நடக்கிறது, பெயர் தெரியவில்லை.’ பத்தாவது வாரத்தில், ‘மடை திறந்துவிட்டார்கள், தண்ணீர் வடிந்துவிட்டது. பறவை 0.’

அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒன்றும் இல்லாத நாளை எழுதமாட்டார்கள்; வீண் நாள் என்று பக்கத்தை விட்டுவிடுவார்கள். பறவை இல்லாத நாளையும், அன்று குளத்தில் என்ன நடந்தது என்பதையும் எழுதியிருந்தால்தான் பிறகு காரணம் தேட முடியும். பெயர் தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதியதும் அதே அளவுக்கு முக்கியம். தெரியாத பறவைக்கு ஏதோ ஒரு பெயரைப் போட்டுவிட்டால் மொத்த நோட்டையும் நம்ப முடியாமல் போய்விடும்.

ஆகவே, விருப்பத்தை எழுதுவதற்குப் பதிலாகச் செய்ததைக் காட்டுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஊர்க் கண்மாயோ கல்லூரி மரங்களோ போதும். பார்த்ததை ஈபேர்டு, ஐநேச்சுரலிஸ்ட் தளங்களில் பதியுங்கள். உங்கள் பெயரில் தேதியோடு அப்படியே இருக்கும். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வருகிறது. தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணுவதை மணிமுத்தாறில் இருக்கும் ஏட்ரீ அமைப்பின் மையம் ஜனவரிதோறும் நடத்துகிறது. சென்னையில் மாணவர்கள் 1988இல் தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு இன்றும் பங்குனி ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் இரவுதோறும் கடற்கரையில் நடக்கிறது. ஒரு நாள் நடந்து படம் எடுத்துப் போடுவது வேறு, ஒரு சீசன் முழுக்க நடப்பது வேறு. சுயவிவரத்தில் எடை உள்ளது இரண்டாவதுதான்.

புலியும் யானையும் மட்டும்தானா?

அடுத்த தவறு, பாதுகாப்பு என்றாலே காடு, காடு என்றாலே புலி என்று நினைப்பது. முதுமலை, ஆனைமலை, களக்காடு என்று மூன்று இடங்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, அங்கே இடம் கிடைக்கவில்லை என்றதும் சோர்ந்துபோகிறார்கள். அந்த இடங்களுக்கு நாடெங்கிலுமிருந்து விண்ணப்பம் போகும். மற்ற இடங்களில் ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கடலை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரமாகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடற்பசு மேயும் கடற்புற்களைக் கண்காணிக்க வேண்டும், வலையில் சிக்கியதை விடுவிக்கும் மீனவர்களோடு பேச வேண்டும், பள்ளிகளுக்குப் போக வேண்டும். அதே வருடம் அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயம் வந்தது. மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி, மாநிலத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமானது. சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறது. எங்கெல்லாம் இப்படி ஓர் அறிவிப்பு வருகிறதோ, அங்கெல்லாம் கணக்கெடுப்பு, வரைபடம், மக்களோடு பேச்சு என்று வேலைகள் பிறக்கும்.

விலங்கைக் கண்ணால் பார்க்காத வேலைகளும் நிறைய. செயற்கைக்கோள் படத்தை வைத்து ஏரி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று வரைபவர், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனத்தில் பல்லுயிர்ப் பகுதியைக் கவனிப்பவர், நாற்றங்காலில் சோலை மர விதைகளை முளைக்கவைப்பவர், கணக்கு எழுதுபவர். அந்த பி.காம். மாணவி இப்போது ஓர் அமைப்பில் திட்ட வரவுசெலவைப் பார்த்துக்கொண்டே குளக் கணக்கெடுப்பையும் நடத்துகிறார்.

காட்டுக்குள் கிடைக்கும் வேலையும் மனதில் ஓடும் படம் மாதிரி இருக்காது. தானியங்கி கேமராவைச் சொல்கிறேன். மரத்தில் முழங்கால் உயரத்தில் கட்ட வேண்டும். முன்னால் இருக்கும் புல்லை அரிவாளால் சீவ மறந்துவிட்டால், காற்றில் புல் அசையும்போதெல்லாம் படம் எடுத்துத் தள்ளிவிடும். பேட்டரி மாற்றி, கார்டை எடுத்துவந்து திறந்தால் ஆயிரக்கணக்கில் புல் படங்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, நடுவில் இரவு 2.14க்கு ஓரமாகப் போகும் ஒரு புனுகுப்பூனையின் பின்பாதியைக் கண்டுபிடித்துக் குறிக்க வேண்டும். இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று முதல் இன்டர்ன்ஷிப்பிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பிடிக்கவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எக்செலில் தகவலை ஒழுங்காக ஏற்றுவது, கியூஜிஐஎஸ்ஸில் ஒரு வரைபடம் போடுவது, ஆர் என்ற கணினி மொழியில் எளிய கணக்கு, இந்த மூன்றும் தெரிந்தவருக்கு எங்கும் இடம் உண்டு. கியூஜிஐஎஸ், ஆர் இரண்டுமே இலவசம். ஒரு மணி நேர இணையக் கூட்டங்களில் வாங்கிய இருபது சான்றிதழ்களைவிட, நீங்களே போட்ட ஒரு வரைபடம் அதிகம் பேசும்.

ஏப்ரலில் கேட்டால் மே மாதம் கிடைக்காது

சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ ஆய்வு செய்ய மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பேராசிரியர் கடிதம், ஆய்வுத் திட்டம், வருபவர்களின் பெயர்கள் எல்லாம் போய், கோப்பு நகர்ந்து வருவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். இது தெரியாமல் தேர்வு முடியும் வாரத்தில் எழுதுகிறார்கள். கோடைக்கு வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பரிலேயே பேச்சைத் தொடங்குங்கள். ஏற்கெனவே அனுமதி வாங்கி நடக்கும் திட்டத்தில் சேர முடியுமா என்று கேட்பது இன்னும் எளிய வழி. அனுமதி வருவதற்கு முன் ‘சும்மா பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று உள்ளே போவது, ட்ரோன் பறக்கவிடுவது, செடியோ இறகோ எடுத்துவருவது எல்லாம் சட்டப்படி குற்றம். உங்களை நம்பிச் சேர்த்துக்கொண்ட அமைப்பின் அனுமதியும் அதனால் போய்விடலாம்.

படிப்பிலும் இதே கதைதான். பெங்களூரில் இருக்கும் என்சிபிஎஸ் என்ற தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் காட்டுயிர் எம்.எஸ்சி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஆள் எடுக்கும். விட்டால் காத்திருக்க வேண்டும். டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனம், மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி, ஊட்டி அரசுக் கலைக் கல்லூரி என்று வேறு வாசல்களும் உண்டு. ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வனப் பணிக் கனவு இருப்பவர்கள் யு.பி.எஸ்.சி. தகுதியை இளங்கலையில் சேருவதற்கு முன்பே பாருங்கள். விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், பாறைகளையும் நிலத்தின் அமைப்பையும் படிக்கும் ஜியாலஜி, கால்நடை அறிவியல் இவற்றில் ஒன்றாவது பாடமாக இருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, ஒரு வருடம் கோச்சிங்கும் போன பிறகு இதைத் தெரிந்துகொண்ட ஒரு தம்பியை எனக்குத் தெரியும். அவன் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்

சேவை மனப்பான்மை உள்ள வேலை, இதில் போய்ச் சம்பளம் கேட்பதா என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். நானும் தயங்கினேன். படிப்பை முடித்ததும் போய்ச் சேர்ந்த ஓர் இடத்தில் ஐந்து மாதம் சம்பளம் கிடையாது. சாப்பாடும் பஸ் செலவும் என் கையிலிருந்து. அம்மா ஒரு வளையலை அடகு வைத்து அனுப்பிய பணத்தில் இருந்தேன். நான் எடுத்த தகவல்களை வைத்து வந்த அறிக்கையில் என் பெயர் எங்கும் இல்லை. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நான் கேட்கவில்லை.

நீங்கள் கேளுங்கள், மெயிலிலேயே கேளுங்கள். ஸ்டைபண்ட் எவ்வளவு, எந்தத் தேதியில் வரும்? தங்குமிடமும் சாப்பாடும் யார் பொறுப்பு? ஃபீல்டில் அடிபட்டாலோ பாம்பு கடித்தாலோ பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, செலவு யாருடையது? யாருடன் தங்க வேண்டும், பெண்களுக்குத் தனி இடமும் கழிப்பறையும் உண்டா? அறிக்கையில் பெயர் வருமா? மரியாதையாகக் கேட்டதற்கு முகம் சுளிக்கும் இடம் என்றால், அங்கே போகாமல் இருப்பதே மேல்.

இன்னொன்று, நீங்களே பணம் கட்டிச் செய்யும் ‘காட்டுயிர் இன்டர்ன்ஷிப்’ விளம்பரங்கள். பயிற்சி முகாமுக்குக் கட்டணம் வாங்குவது தவறில்லை. அதைப் பயிற்சி என்று சொல்லி வாங்க வேண்டும். ஆனால் வேலை உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்று யாராவது சொன்னால், அனுப்பாதீர்கள். சிங்கக்குட்டியைக் கொஞ்சலாம், யானையைக் குளிப்பாட்டலாம் என்று அழைத்தாலும் அதே பதில்தான்.

பாம்போடு ஒரு படம்

சுயவிவரம் நன்றாக இருக்கும். இன்ஸ்டாகிராமைத் திறந்தால் கையில் பாம்பு, தோளில் கிளி, கூட்டுக்குள் மொபைலை விட்டு எடுத்த குஞ்சுகளின் படம். தேர்ந்தெடுப்பவர்கள் இதையெல்லாம் பார்க்கிறோம். 1972ஆம் வருடக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியை வளர்ப்பதே குற்றம். கூட்டருகே போனால் தாய்ப்பறவை கூட்டை விட்டுவிடக்கூடும். நாம் நடந்த தடத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும் காக்கை, குஞ்சுகளைத் தூக்கிவிடக்கூடும். பழைய படங்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். நேர்காணலில் கேட்டால், அப்போது தெரியவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஊர்க்காரர்களிடம் கற்றுக்கொள்ளாமல் வருவது

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்குள் போய், அங்கிருப்பவர்களுக்கு ‘விழிப்புணர்வு’ கொடுக்கத் தொடங்குவது. பாக் விரிகுடாவில் வயதான மீனவரிடம் கடற்பசுவை அதன் ஆங்கிலப் பெயரில் ‘டுகாங்’ என்று கேட்டால் விழிப்பார். ஆவுளியா என்று கேட்டுப் பாருங்கள், எந்த மாதம் எந்தப் பக்கம் பார்த்தார் என்று அரை மணி நேரம் பேசுவார். இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, பாம்பு பிடிக்கும் அறிவுக்காக. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இயங்குகிறது. பாம்புக்கடி மருந்து தயாரிப்பதற்கான நஞ்சு அங்கிருந்து போகிறது.

ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். அறிக்கை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும், அதைப் பழகிக்கொள்ளலாம். ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ‘அண்ணே, போன வருசம் இந்தக் குளத்துல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?’ என்று கேட்க உங்களால்தான் முடியும். அதை விண்ணப்பத்தில் ஒரு வரியாக எழுதுங்கள்: எந்த ஊர், எந்த மக்களோடு பேசிப் பழக்கம் என்று.

அப்புறம், வீடு. பெற்றோரிடம் மூடி மறைத்துவிட்டு ஃபீல்டுக்குக் கிளம்புவது வேண்டாம். தகவலோடு பேசுங்கள். மத்திய அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகளில், நெட் போன்ற தகுதித் தேர்வு முடித்த ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். தொண்டு அமைப்புகளில் தொடக்கத்தில் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், பெரும்பாலும் ஒப்பந்த வேலை. அதையும் சொல்லிவிடுங்கள். சேரும்போதே திட்டம் எந்த மாதம் முடிகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு நான்கு மாதம் முன்பே அடுத்ததைத் தேடத் தொடங்குங்கள். நடுவில் சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். இது சின்ன வட்டம், அடுத்த இடத்தில் இருப்பவர் உங்கள் பழைய இடத்துக்கு போன் போட்டுத்தான் கேட்பார். கிளம்பும் நாளில் நோட்டு, கார்டு, தேதி போட்ட கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலோடு ஒப்படைத்து, வாங்கிக்கொண்டவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.