ஆறு பெருகி ஓடும்போது படகுப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாபநாசத்துக்குக் கீழே தாமிரபரணியில் கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) விட நாள் குறித்துப் போகிறீர்கள். போய்ப் பார்த்தால் படித்துறையில் பாதிப் படிகளைக் காணோம், தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கி ஓடுகிறது. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், கொஞ்ச தூரம் மட்டும் போவோம்" என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள்.

வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது பலரும் செய்யும் தவறு. அம்பாசமுத்திரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து பக்கம் மழை கொட்டும். மணிமுத்தாறு அணை நிறைந்திருந்தால் அந்தத் தண்ணீர் அப்படியே ஆற்றுக்கு வந்துவிடும். பாபநாசம் அணையில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பதும் போதாது. வழியில் மணிமுத்தாறு சேரும், திருப்புடைமருதூரில் கடனாநதி சேரும், சீவலப்பேரியில் சிற்றாறு சேரும். ஏறிய இடத்தில் பார்த்த ஆறு வேறு, இறங்கும் இடத்தில் இருக்கும் ஆறு வேறு.

என்னைக் கேட்டால், மிகவும் பயப்பட வேண்டியது அணைக்கட்டுகளுக்குத்தான், அதாவது ஆற்றின் குறுக்கே கட்டிய தாழ்வான தடுப்புகளுக்கு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு இருக்கின்றன. வெள்ளத்தில் அவை முழுகிக் கிடக்கும். படகில் உட்கார்ந்து பார்த்தால் வழுவழுவென்று ஒரு கோடு மட்டும்தான் தெரியும். அதைத் தாண்டி விழுந்த தண்ணீர் கீழே சுருண்டு, மறுபடி அணைக்கட்டை நோக்கியே இழுக்கும். அதில் மாட்டிய படகும் ஆளும் அங்கேயே புரண்டுகொண்டிருக்க வேண்டியதுதான். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் வெளியே வர முடியாமல் போகலாம். வெகு முன்பே கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போக வேண்டும். வெள்ளத்தில் அப்படிக் கரை ஒதுங்குவதே பெரும்பாடு.

கரையோர மருத மரக்கிளையைப் பிடித்து நிற்கலாம் என்றும் நினைக்காதீர்கள். கிளைகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவுதானே என்று இறங்கி நடப்பதும் ஆபத்து. பாறை இடுக்கில் கால் மாட்டினால் எழவே முடியாது.

பெரிய ஆறு வேண்டாம் என்று சின்ன ஓடைக்குப் போகிறவர்களும் உண்டு. மலை ஓடை இன்னும் சீக்கிரம் பெருகும். பாபநாசத்துக்கு மேலே முண்டந்துறைக் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கவே கூடாது.

அப்புறம் என்ன செய்வது? பயணத்தைத் தை, மாசிக்குத் தள்ளிவையுங்கள். மழை ஓய்ந்திருக்கும், பிசான நெல் சாகுபடிக்குத் திறக்கும் தண்ணீர் ஆற்றில் ஓடும், பாறைகளும் கண்ணுக்குத் தெரியும். வண்டிக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும்.