நிலாவெளிப் படகுக்கும் மலைப்படிக்கும் ஒரே காற்சட்டை: பெண்களுக்கான தெரிவு முறை

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகில் ஏற, கரையிலேயே தண்ணீருக்குள் இறங்க வேண்டும். முதன்முறை நான் டெனிம் காற்சட்டையுடன் போனேன். முழங்கால்வரை நனைந்த அது மாலையில் பேருந்தில் வீடு திரும்பும்வரை காயவில்லை. உப்பும் மணலும் சேர்ந்து தொடையின் உட்புறத்தை உரசிப் புண்ணாக்கிவிட்டன. வழமையான டெனிம் துணி சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 400 கிராம் எடை கொண்டது. நடைப்பயணத்துக்கென்று நெய்யப்படும் மெல்லிய துணியோ பெரும்பாலும் 120 முதல் 160 கிராமுக்குள் அடங்கிவிடும். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் இந்த வேறுபாட்டைக் கால்களே சொல்லிவிடும்.

துணியை முதலில் பாருங்கள். நிறமும் விலையும் பிறகு. ஆய்வுகூட நியம நிலையில், அதாவது 20 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் 65 வீத ஈரப்பதனிலும், பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 வீத ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும். நைலோன் 4 வீதமளவு, பொலியெஸ்டர் அரை வீதத்துக்கும் குறைவு. இதனால் பொலியெஸ்டர் விரைவாகக் காயும், ஆனால் வியர்வை நாற்றத்தை எளிதில் விடாது. நைலோன் சற்று விலை கூடியது. முள்ளிலும் பாறையிலும் உரசினாலும் தாங்கும். மலை, கடல், சந்தை எல்லாவற்றுக்கும் ஒரே காற்சட்டைதான் வாங்க முடியும் என்றால், நைலோனுடன் 5 வீதமளவு ஸ்பான்டெக்ஸ் என்னும் இழுபடும் நூல் கலந்ததையே நான் சொல்வேன். நகருக்குள் மட்டும் நடமாடுபவர் பருத்திச் சல்வாரை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

ஏற்றுமதி மிச்சத் துணிகளை விற்கும் கடைகளில் லேபல் வெட்டப்பட்டிருப்பது வழமை. அப்போது கைதான் லேபல். துணியை முப்பது விநாடி கசக்கிப் பிடித்து விடுங்கள். சுருக்கம் ஆழமாக நின்றால் பருத்தி கூடுதலாக இருக்கிறது. முழங்கால் பகுதியை இரு கையாலும் இழுத்து விட்டதும் பழைய நிலைக்கு வராமல் தொய்ந்து நின்றால், ஒரு மாதத்தில் முழங்காலில் பை விழும். கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலுக்கு எதிரே பிடித்து, உள்ளே விட்ட விரல்கள் தெளிவாகத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். தெரிந்தால் நனைந்தவுடன் உடலும் தெரியும், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் வாளியால் அள்ளி ஊற்றும் நாளில் அது சங்கடம். நெருக்கமாக நெய்த துணி வெயிலையும் கூடுதலாகத் தடுக்கும்: யூபிஎஃப் என்பது துணி புறஊதாக் கதிரைத் தடுக்கும் அளவு; யூபிஎஃப் 50 என்று குறித்த துணி புறஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும்.

அடுத்தது உடுத்திப் பார்ப்பது. கண்ணாடியின் முன் நேராக நிற்கும்போது எந்தக் காற்சட்டையும் அழகாகத்தான் இருக்கும். குந்தி இருங்கள், சப்பாணி கட்டி இருங்கள், முழங்காலளவு உயரத்தில் ஒரு காலைத் தூக்கி வையுங்கள், திரியாய் மலையின் கற்படிகளில் ஏறுவதுபோல. இடுப்புப் பட்டி பின்புறம் கீழே இறங்கினாலோ, தொடை இறுகினாலோ, அதை அந்தக் கடையிலேயே விட்டுவிடுங்கள். பிறகு கவட்டைத் திருப்பிப் பாருங்கள். சாதாரணக் காற்சட்டையில் நான்கு தையல்களும் ஒரே புள்ளியில் வந்து முட்டும். நடக்கும்போது உரசுவதும் முதலில் பிரிவதும் அந்தப் புள்ளிதான். நல்ல நடைக்காற்சட்டையில் அந்த இடத்தில் சாய்சதுரமான துண்டொன்று இணைத்திருப்பார்கள், சல்வாருக்கு நம்முடைய தையற்காரர்கள் காலங்காலமாக வைக்கும் அதே துண்டு. அந்தச் சிறு துண்டு இருந்தால் மற்றக் குறைகள் பலவற்றை நான் பொறுத்துக்கொள்வேன்.

இடுப்பில் தடித்த பொத்தானும் கொக்கியும் இருந்தால், முதுகுப்பையின் பட்டி அவற்றின்மேல் அழுத்தி வலிக்கும். பின்புறம் மட்டும் இலாஸ்டிக் வைத்து முன்புறம் தட்டையாக இருப்பது வசதி. பொக்கற் விடயத்தில் பெண்களுக்குத் தைப்பவர்கள் இன்னும் கஞ்சத்தனமாகவே இருக்கிறார்கள். உங்கள் கைத்தொலைபேசியை உள்ளே போட்டுக் குந்திப் பாருங்கள். வெளியே தலை நீட்டினால் அது பொக்கற் அல்ல, அலங்காரம். நீளமான மேற்சட்டை அணிபவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. தொடையின் முன்புறப் பொக்கற் மேற்சட்டைக்கு அடியில் மறைந்துவிடும். ஆகவே மேற்சட்டையின் பக்க வெட்டு எங்கே திறக்கிறதோ அங்கே கை போகக்கூடியதாகவும் சிப் உள்ளதாகவும் பொக்கற் இருக்க வேண்டும்.

உப்புக்காற்று ஊருக்குச் சிப் முக்கியம். பித்தளைச் சிப்பில் சில மாதங்களிலேயே பச்சைக் களிம்பு ஏறி, இழுவை பாதி வழியில் நின்றுவிடும். பற்களெல்லாம் பிளாத்திக்கான சிப்பைத் தேடுங்கள். கணுக்காலில் கயிறோ அழுத்துப் பொத்தானோ இருந்தால் படகில் ஏறும்போது முழங்கால்வரை சுருட்டிக் கட்டலாம். புதருக்குள் நடக்கும்போது அதையே இறக்கி இறுக்கினால் உண்ணியும் நாயுருவி விதையும் உள்ளே ஏறா. மெல்லிய மண்நிறமோ சாம்பல்நிறமோ நல்லது; உண்ணி ஏறினால் கண்ணுக்குத் தெரியும், கடும் நிறத்தை நாடிவரும் நுளம்பும் குறையும்.

ஓட்டன் சமவெளிக்கோ சிவனொளிபாதமலைக்கோ போகிறவர்கள் இதே காற்சட்டையை நம்பி மட்டும் புறப்பட வேண்டாம். சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தை, மாசிக் காலைகளில் அங்கே உறைபனிகூட விழுவதுண்டு. இடுப்பில் சிறிது இடம் விட்டு வாங்கியிருந்தால் உள்ளே ஒரு லெக்கின்ஸ் போடலாம், வெயில் ஏறியதும் கழற்றலாம். ஈரமான மலைப்பாதையில் அட்டை இருக்கும். காற்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகுவது அழகாக இராது, ஆனால் வேலை செய்யும். அடுப்புத் தணலையும் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயையும் அண்டவிடாதீர்கள். நைலோன் எரிவதற்கு முன்பே 220 முதல் 260 பாகைக்குள் உருகும். உருகினால் தோலில் ஒட்டும்.

கடலிலிருந்து வந்தவுடன் நன்னீரில் அலசுங்கள், சவர்க்காரம் பிறகு போடலாம். குளோரீன் சேர்ந்த வெளிற்றும் திரவம் ஸ்பான்டெக்ஸைக் கெடுக்கும். துணியை மென்மையாக்கும் திரவம் நீர் ஒட்டாத மேற்பூச்சை மூடிவிடும். உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காயவிடுங்கள், சூடான அழுத்தி வேண்டாம்.

நீளத்தைக் குறைக்கத் தையற்கடைக்குக் கொடுக்கும்போது, செருப்போடு அல்ல, நடக்கப்போகும் சப்பாத்தோடு நின்று அளவு கொடுங்கள். முன்னதாக ஒருமுறை நனைத்துக் காயவைத்தால் சுருங்குவது அப்போதே தெரிந்துவிடும். வெட்டிய துண்டை எறிய வேண்டாம் என்று சொல்லி வாங்கி வையுங்கள்: முட்கம்பி முழங்காலைக் கிழிக்கும் நாளில் அதே நிறத்தில், அதே துணியில் ஓர் ஒட்டு கையிலேயே இருக்கும்.